பதின்மூன்றாவது ஸ்டேடியம்

ஜொகூர் கால்பந்து அணிக்கு ஆட்டம் இருக்கிற நாளில் அமலதாஸ் சிவப்பும் நீலமுமான ஜெர்சியோடுதான் பசியாற வருவார். மாசாய் ஊர்க் கடைக்காரர்கள் அவரைப் பார்த்தே இன்றைக்கு ஆட்டம் உண்டு என்று தெரிந்துகொள்வார்கள். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. மலேசியாவின் பதின்மூன்று மாநிலங்களிலும் தலா ஒரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து, ஓர் ஆட்டமாவது பார்த்துவிட வேண்டும்.

மனைவி வினிஃப்ரெட்டுக்குப் பந்தில் அக்கறை இல்லை. ஜொகூரின் சாஆ எஸ்டேட்டில் பிறந்து, மாசாயில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஆனாலும் எல்லா ஊருக்கும் கூடவே போனார். சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு காலை அந்த ஊர் தேவாலயத்தில் பூசை, பிறகு காரில் வீடு. "உங்களுக்கு ஸ்டேடியம், எனக்குக் கோயில். நல்ல டீல் தானே தாஸ்?" என்பார். எந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது அவருக்கு நினைவிருக்காது. ஈப்போ என்றால் தொப்பலாக நனைத்த மழை. குவாந்தான் என்றால் சுத்தமான கழிவறை. கோத்தா பாரு என்றால் பின்னால் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா பிரித்துக் கொடுத்த சோற்றுப் பொட்டலம்.

சபாவுக்கும் சரவாக்குக்கும் விமானத்தில்தான் போக வேண்டும். வினிஃப்ரெட் விமானம் ஏறியதே இல்லை. "ரிட்டையர் ஆனதும் ரெண்டையும் நிதானமா பாப்போம் லா" என்று அமலதாஸ் தள்ளிப்போட்டார்.

பதினோராவது ஸ்டேடியம் வடக்கே அலோர்ஸ்டார். இடைவேளையில் கழிவறைக்குப் போன வினிஃப்ரெட் திரும்பி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அமலதாஸ் படிக்கட்டு படிக்கட்டாகத் தேடி, கடைசியில் வாசல் காவலாளியின் அருகில் கண்டார். சாஆவுக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார் வினிஃப்ரெட். நாட்டின் அந்தக் கோடியில் நின்று இந்தக் கோடிக்கு.

"வினி, என்னா ஆச்சு?"

"அப்பா திட்டுவாரு தாஸ். நேரமாச்சு."

அவருடைய அப்பா இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

மறதி நோய் என்றார் மருத்துவர். வினிஃப்ரெட்டுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அமலதாஸ் வேலையை விட்டார். மனைவிக்கு இன்னும் கொஞ்சமாவது தெரிகிற காலத்திலேயே காட்டிவிட வேண்டும் என்று சரவாக்கின் கூச்சிங்குக்குக் கூட்டிப்போனார். விமானத்தில் வினிஃப்ரெட் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ஸ்டேடியத்தில் முரசுகள் முழங்கத் தொடங்கியதும் காதுகளைப் பொத்திக்கொண்டு அழுதார். இருபதாவது நிமிடத்தில் வெளியே வந்து, ஒரு பானக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து பெரும் கூச்சல் எழுந்தது.

"உள்ள சண்டையா?"

"சண்டை இல்ல வினி. கோல் போட்டுட்டாங்க."

"யாரு?"

"தெரியல."

அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. நாளடைவில் வினிஃப்ரெட் பேச்சையும் விட்டார். கணவரைக் கூப்பிடுவது நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலை சீவிவிடுகிறவர் யாரென்று அவருக்குத் தெரிந்ததா என்பதே அமலதாஸுக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் அமண்டா, சபாவின் கோத்தா கினாபாலுவுக்கு டிக்கெட் எடுத்து வந்து நீட்டினாள்.

"ரெண்டு நாளு தானே பா. நான் லீவு போட்டுட்டேன். அம்மாவ நான் பாத்துக்கிறேன். உங்க மூஞ்சியப் பாருங்க, நீங்க மனுசனாவே இல்ல."

கிளம்புகிற நாளில் அமலதாஸ் செனாய் விமான நிலையத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். அமண்டா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"தாஸ் எங்க?"

அமண்டா பேச்சை நிறுத்தினாள். மறுபடியும் கேட்டது: "தாஸ் எங்க?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்தார். வழியெல்லாம் ஓட்டுநரை விரட்டினார். வீட்டுக்குள் நுழைந்தபோது வினிஃப்ரெட் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் கணவரைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"போயிருக்கலாம் பா," என்றாள் அமண்டா மெதுவாக.

"நாளைக்கும் கேட்டாள்னா?"

மறுநாள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. மார்ச் மாதத்தில், நெஞ்சுச் சளி முற்றி, வினிஃப்ரெட் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, பழைய வேலைத் தோழர் சதாசிவம் அவரைக் கடைக்கு அழைத்துப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "இப்ப போய் அந்த ஒன்னையும் முடிச்சிரு தாஸ். நானும் கூட வாறேன்."

அமலதாஸ் தேநீரைக் கலக்கினார். "அன்னிக்குப் போகாம வந்துட்டேன்னு சில நாளு வயிறெரியுது. உண்மைய சொல்றேன்," என்றார். "ஆனா போயிருந்தா, அவ கூப்பிட்டது கேட்டும் போனவன்னு ஆயிருப்பேன். ரெண்டுல எது மோசம்னு எனக்குத் தெரியல."

ஜொகூர் அணியின் எல்லா ஆட்டங்களையும் அவர் இன்னமும் வீட்டில் பார்க்கிறார். சபாவில் நடக்கிற ஆட்டத்துக்கு மட்டும் தொலைக்காட்சியைப் போடுவதில்லை.