பயில்வானின் தொடைக் கட்டி

அவளுடைய அக்காள் கணவரைத் தெருவே பயில்வான் என்றுதான் கூப்பிட்டது. உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். கூடவே, எதிர்ப்பு சக்தி ஏறும் என்று சொல்லி ஒரு பொடியை டப்பாவில் அடைத்து விற்றார். ஆய்வகத்தில் வேலை பார்த்த கொழுந்தியாளுக்கு அந்த டப்பாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"நம்ம வெள்ளணு ஒவ்வொண்ணும் சிப்பாய்மா! கிருமியைச் சும்மா விடுமா?" என்று மார்தட்டுவார்.

சிப்பாயாம்! மனித ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்கள்மேல் பாக்டீரியாவின் நச்சை ஊற்றி, நடப்பதைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பே. அந்த நச்சு, வெள்ளணுவின் தோலில் ஓட்டை போடும். உள்ளேயிருக்கும் பொட்டாசியம் ஒழுகும். அதில் மிரண்டுபோன அணு தன் தோலில் தானே இன்னும் ஓட்டை போட்டுக்கொண்டு, உப்பி வெடிக்கும். கொட்டுகிற சரக்கெல்லாம் அக்கம்பக்கத்து அணுக்களைக் கூப்பிடும்; வந்தவையும் நச்சில் மாட்டும். அளவோடு நடந்தால் உடம்புக்கு நல்லது. மீறினால் வீக்கம், காய்ச்சல், அழுகல்.

பயில்வானுக்குத் தொடையில் ஒரு கட்டி வந்தது. மனுஷன் அதை நகத்தால் பிதுக்கி, மேலே தன் பொடியையே அப்பிக்கொண்டார். தொடை வீங்கிச் சிவந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க அத்தான்."

"சூடு நல்லதும்மா. உள்ள சண்டை நடக்குது."

"நடக்குது. சாகறது யாருன்னுதான் உங்களுக்குத் தெரியல."

கடைசியில் அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அறுவை மருத்துவர் கீறிவிட்டதும் சீழ் கொட்டியது.

"அத்தனையும் கிருமியா?" என்று ஈனக்குரலில் கேட்டார் பயில்வான்.

"முக்கால்வாசி உங்க சிப்பாய்ங்கதான். செத்துக் கிடக்கறாங்க" என்றாள் கொழுந்தியாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். அவளுக்கே பாவமாகத்தான் இருந்தது. மருந்து ஏறிக் கால் தப்பியது. தொடையில் குழி மிச்சம்.

அந்தப் பாவமும் அவர் கூடத்துக்குத் திரும்பும்வரைதான். "கத்தி வெச்சும் பிழைச்சேன்னா காரணம் இந்தப் பொடி!" என்று டப்பாவைத் தூக்கிக் காட்டினார். நாலு பேர் வாங்கக் கை நீட்டவும் செய்தார்கள். கொழுந்தியாள் வாயைத் திறப்பதற்குள், கல்யாணமான நாளிலிருந்து கணவரை எதிர்த்துப் பேசாத அக்காள் முன்னே வந்து டப்பாவைப் பிடுங்கினாள்.

"பிழைக்க வெச்சது டாக்டர். இது வெறும் மாவு. நான்தான் அரைக்கிறேன்."

கூடமே சிரித்தது. 'தங்கச்சி தூண்டிவிட்டதுதான்' என்று முடிவுகட்டிய பயில்வான் அன்றிலிருந்து கொழுந்தியாளோடு பேசுவதில்லை. அவளுக்கு அது பெரிய நிம்மதி.