மெம்பர் நடந்த வாசல்

வள்ளியாத்தாள் ஜேடர்பாளையத்தில் வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலுள்ள குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லை. புருஷன் காய்ச்சலில் போனதும் வயல் முழுவதும் கொழுந்தன் செங்கோட்டையன் கைக்குப் போயிற்று. அன்றைய சட்டம் அப்படி. கூட்டுக் குடும்பத்து விதவைக்குச் சோறும் துணியும் உண்டு, பங்கு கிடையாது. அந்தச் சோற்றையும் செங்கோட்டையனின் மனைவி சௌந்திரம் முகம் பாராமல் வைத்துவிட்டுப் போவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவள் சேலத்துக்குப் போய் வக்கீல் சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் டெல்லி சட்டசபையில் மெம்பர். நிற்கவைத்தே பேசினாலும் இனிமையாகப் பேசினார்.

“விதவைக்கும் பங்கு உண்டுன்னு சபையில ஒரு மசோதா வந்திருக்குதுங்கம்மா. என்ற ஓட்டு அதுக்குத்தான். தைரியமாப் போங்க.”

சென்னியப்பனின் டெல்லிக் காரியங்களைச் சொல்லிவிடுவது நல்லது. உப்பு வரியை ஏற்றியபோது அவர் சர்க்காரோடு நின்றார். நூலுக்குத் தீர்வை போடும் பேச்சு வந்தபோது, எடப்பாடியிலும் ஜலகண்டாபுரத்திலும் தறிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்க, இவர் ஒரு மில் முதலாளி வீட்டு விருந்தில் இருந்தார். தம் பெயரில் அவர் கொண்டுவந்த மசோதா ஒன்றே ஒன்று. சர்க்கார் பட்டம் பெற்றவர்கள் கோர்ட்டில் நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்து சாட்சி சொல்லலாம் என்பது அது. அவருக்கு அப்போதுதான் பட்டம் வந்திருந்தது. வெள்ளைக்காரர்களே அதைப் படித்துவிட்டுச் சிரித்ததாகக் கேள்வி.

அந்தச் சபையில் ஓட்டு எடுத்தால், ஆம் என்பவர்கள் ஒரு வாசலிலும் இல்லை என்பவர்கள் இன்னொரு வாசலிலும் நடந்து போக வேண்டும். விதவை மசோதாவுக்கு ஓட்டு எடுத்த அன்று சென்னியப்பன் ‘இல்லை’ வாசலில் நடந்தார். மசோதா தோற்றது.

சேதியைக் கொண்டுவந்தவன் செங்கோட்டையன்தான். சேலத்திலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

“நங்கை, உங்க மெம்பர் நம்ம பக்கம் நின்னுட்டாருங்க. வயக்காட்டைக் கூறு போடற சட்டம் வேண்டாம்னு ஓட்டுப் போட்டுட்டாரு. நாங்க நாலு பண்ணையக்காரங்க போய்ச் சொன்னம், கேட்டுக்கிட்டாரு.”

அண்ணன் மனைவியை அவன் நங்கை என்று அழைப்பதில் மரியாதை குறைந்ததே இல்லை. வள்ளியாத்தாள் எழுந்து போய்விட்டாள். பிச்சைக்காரிக்குச் சொல்வதுபோல இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். தைரியமாகப் போ என்று சொல்லி அனுப்பியதுதான் நெஞ்சில் கிடந்து எரிந்தது.

முப்பத்துநான்கில் தேர்தல் வந்தது. எடப்பாடிச் சந்தையில் சென்னியப்பன் மேடை ஏறி, பெண்களைத் தாயாகப் போற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவில் வள்ளியாத்தாள் எழுந்தாள். வெள்ளைச் சீலை எல்லோர் கண்ணிலும் பட்டது.

“ஏனுங்க மெம்பரு, விதவை மசோதாவுக்கு எந்த வாசல்ல நடந்தீங்க?”

“அதெல்லாம் டெல்லி விவகாரமுங்கம்மா. உங்களுக்குப் புரியாது.”

“புரியறாப்பல சொல்லுங்க.”

“அன்னிக்கு எனக்கு உடம்பு சரியில்லீங்க. சபைக்கே போகலை.”

“இல்லைங்கற வாசல்ல நடந்தீங்கன்னு என்ற கொழுந்தனே சொன்னாருங்க. உங்க பக்கத்துலதான் நிக்கறாரு. கேளுங்க.”

மேடையோரம் நின்ற செங்கோட்டையன் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒருவன், “தாலியறுத்தவளுக்கு அரசியல் என்னத்துக்கு?” என்றான். கையை உதறிக்கொண்டு அவள் திரும்பக் கேட்டாள், அதே கேள்வியை.

“இனி என்ற ஊட்டுல உனக்குச் சோறு இல்லை,” என்றான் செங்கோட்டையன். நங்கையும் போயிற்று, ‘ங்க’வும் போயிற்று.

அவள் ஊர் திரும்பவில்லை. ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீடுகளுக்கு ராட்டையில் தார் நூல் சுற்றிக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். சென்னியப்பன் எங்கே கூட்டம் போட்டாலும் போய் நின்று அதையே கேட்டாள். ஓர் ஊரில் மண்ணை வாரி இறைத்தார்கள். இன்னோர் ஊரில் மெம்பரே, “அந்தச் சனியன் வந்திருக்குதா பாரு,” என்று ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவர் தோற்றார். அது காங்கிரஸ் காற்றடித்த தேர்தல். வள்ளியாத்தாளால்தான் தோற்றார் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்கு ஓட்டே கிடையாது. வயல் யார் பெயரில் இருந்ததோ அவனுக்குத்தான் இருந்தது.

சில வருஷம் கழித்து அந்தச் சட்டம் வேறு உருவில் வந்தது. அதற்குப் பிறகு புருஷனை இழந்தவர்களுக்குத்தான் பங்கு என்றும், அதிலும் வயல்காடு சேராது என்றும் ஒரு வக்கீல் சொன்னபோது அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “நல்லாத்தான் எழுதியிருக்கறாங்க,” என்று மட்டும் சொன்னாள்.

சுதந்திரம் வந்த வருஷம் செங்கோட்டையன் செத்தான். அதற்குள் சட்டம் இந்த மாகாணத்தில் வயலுக்கும் பொருந்தும் என்று ஆகியிருந்தது. மகன்கள் பங்கு தர மறுக்க, சௌந்திரம் ஜலகண்டாபுரத்துக்குத் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

“அக்கா, கோர்ட்டுக்குப் போகோணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கூட வாங்க.”

வள்ளியாத்தாள் ராட்டையை நிறுத்தவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

“சட்டம் உனக்குப் பங்கு குடுத்திருக்குது. வாங்கிக்க. சேலத்துல எந்த வக்கீல்கிட்டக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“நீங்க வந்தா தைரியமா இருக்குமுங்க.”

“நான் வர மாட்டேன், சௌந்திரம்.”

சௌந்திரம் திரும்பிப் போனாள். வழக்கில் அவளுக்குப் பங்கு கிடைத்தது. அறுவடை முடிந்ததும் ஒரு வண்டி நெல் அனுப்பினாள். வள்ளியாத்தாள் மூட்டையை இறக்கவிடாமல் வண்டிக்காரனுக்குக் குடிக்க மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.