கடைசிப் பேப்பருக்கு வாங்கிய பச்சைப் பேனா

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி கீழ்பென்னாத்தூருக்கு வந்து, என் மகள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்த சமயம். நான் ஆசிரியர் பயிற்சி படித்தவள். ஆனால் டீச்சர் என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி ஒரே ஒரு பேப்பர் நின்றுபோயிருந்தது. கல்வி உளவியல். படிக்காமல் ஃபெயில் ஆகியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்குப் பதிலெல்லாம் தலைகீழாகத் தெரியும். எழுதி முடிக்கத்தான் முடியவில்லை!

எல்லாம் என் கட்டைவிரலால் வந்த வினை. சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி நசுங்கிய விரல் அது. ரீஃபில் பேனாவை அழுத்திப் பிடித்து எழுத எழுத மரத்துப்போகும், அப்புறம் வலி முழங்கை வரை ஏறும். அதுவரை எழுதிய இரண்டு தடவையும் கடைசிப் பெரிய கேள்விகளைத் தொடாமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். என் மாமனார் அதட்டிப் பேசத் தெரியாதவர். “இந்த ஒரு வாட்டி எழுதிப் பாரும்மா. வரலைன்னா விட்டுடு, நம்ம நெலம் இருக்குது, பாத்துக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவ்வளவு அன்பாகச் சொல்பவரிடம் என்ன பேசுவது? இதுதான் கடைசி வாய்ப்பு என்று புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஒருநாள் வீட்டில் பேனா எதுவும் அகப்படாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணின் இங்க் பேனாவை வாங்கி அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதியும் விரல் முனகவே இல்லை. அழுத்தாமலே எழுதியது அது! ஆனால் லீக் அடித்து, கை நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஆகிவிட்டது. அன்றே முடிவு செய்தேன், ஒழுகாத நல்ல இங்க் பேனா ஒன்று வாங்கி அதில்தான் பரீட்சை எழுதுவது என்று.

நல்ல பேனா என்றால் நல்ல விலை. என் கையில் இருந்ததோ கொஞ்சம்தான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். அவர் டிராக்டர் பட்டறையில் மெக்கானிக். எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்லுவார். என்னையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தாரோ என்று அடிக்கடி கேட்டு வம்பு செய்வேன்.

தேரடிப் பக்கம் ஒரு பாய் பேனாக் கடை வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து பேனாக்களை எடுத்து வரிசையாக வைத்து, இங்க் பாட்டிலைத் திறந்து, எழுதிப் பார்க்க ஒரு தாளையும் நகர்த்தினார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தாள் முழுக்க உ, உ, உ! பேனா வாங்க வந்தவர்களெல்லாம் பிள்ளையார் சுழி போட்டுப் பார்த்து, அது அழகாக விழுந்ததும் திருப்தியாகி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நானும் முதலில் அதையேதான் செய்தேன். எல்லாப் பேனாவிலும் உ ஜோராக வந்தது. கணவர் தங்க நிற மூடி போட்ட ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“இதான் கனமா கீது. நல்ல மெட்டலு. இதையே எடுத்துக்க.”

“மூணு மணி நேரம் நான் தூக்கணும், நீங்க இல்ல” என்றேன்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பரீட்சையில் நான் பிள்ளையார் சுழியா போட்டுக்கொண்டிருக்கப் போகிறேன்? பாயிடம் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘கற்றல் என்றால் என்ன’ என்பதற்கு முழுப் பதிலையும் வேகமாக எழுத ஆரம்பித்தேன். குட்டு வெளிப்பட்டுவிட்டது! தங்க மூடி நாலைந்து வரியில் மூச்சு வாங்கியது, மேல்நோக்கி இழுத்த கோடு விழவில்லை. இன்னொன்று தாளைக் கீறியது. மற்றொன்று இங்க்கைக் கொட்டிப் பின்பக்கம் வரை ஊற வைத்தது.

பாய்க்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாம்மா, பரீட்சைய இங்கயே எழுதி முடிச்சிட்டுத்தான் போவீங்க போல?”

“எழுதி முடிச்சா நீங்களே மார்க் போடுங்க பாய்” என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டியின் மூலையில் ஒரு பச்சைப் பேனா கிடந்தது. பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை, தடித்த உடம்பு, கிளிப்பில் லேசாகத் துரு. “அதை யாருமே கேக்கறதில்லம்மா, பாக்க நல்லா இல்லையே” என்றபடி எடுத்துக் கொடுத்தார். பிடித்ததுமே தெரிந்துவிட்டது. தடியாக இருந்ததால் கட்டைவிரல் இறுக்காமல் சும்மா சாய்ந்துகொண்டது. ஒரு பக்கம் எழுதினேன், திருப்பி மறுபக்கமும் எழுதினேன். எங்கும் நிற்கவில்லை, வலிக்கவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கணவர் தன் பங்குக்கு மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார். இங்க் நிரப்பச் சொல்லி, நிப்பைத் தலைகீழாகத் தன் வெள்ளைக் கைக்குட்டை மேல் பிடித்து உதறினார். ஒரு சொட்டு விழவில்லை. “மரை நல்லா இருக்குது, ஒழுவாது” என்று தீர்ப்பு சொன்னார். கிளிப் துருவைக் காட்டி விலையைக் கம்மி பண்ணச் சொன்னேன். பாய் முணுமுணுத்துக்கொண்டே கம்மி பண்ணினார். கைக்கு அடங்கிய விலையில் அப்படி ஒரு பேனா! ஊர் திரும்பும் பஸ் முழுக்க அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அதன் பிறகு தினமும் மாலையில் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து முழுசாக எழுதிப் பார்த்தேன். நேரம் மிச்சமானது. என் மாமியார் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் எழுதுவதை ஏதோ சினிமா பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் பேனாவைக் காணவில்லை. வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். கணவரைத் திட்டினேன், ஒன்றும் தெரியாத மகளைக்கூடத் திட்டினேன். சாயங்காலம் மாமியார் பூவும் தேங்காய் மூடியுமாக வந்து இறங்கினார், மடியிலிருந்து என் பேனாவை எடுத்து நீட்டினார். அதன் மேல் குங்குமப் பொட்டு!

“அண்ணாமலையார் கிட்ட வச்சு எடுத்தாந்தேன். இதை இப்ப தொறந்து கிறுக்காத. பூஜை பண்ண பேனா. நாளைக்கு பேப்பர்லதான் மொத எழுத்து போடணும், ஆமா.”

எங்கள் பக்கத்தில் பரீட்சைக்கு முன்னால் பேனாவைக் கோயிலில் வைத்து எடுப்பது வழக்கம்தான். பேனா கிடைத்துவிட்ட நிம்மதியில் நான் எதுவும் யோசிக்கவில்லை. மாமியாரின் வார்த்தையைத் தட்ட மனமும் வரவில்லை. தொட்டதற்கெல்லாம் எதிர்த்துப் பேசுகிற நான், பேச வேண்டிய அன்றைக்குப் பார்த்து நல்ல மருமகளாக இருந்துவிட்டேன்.

மறுநாள் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். கண்காணிக்க வந்த டீச்சர் உயரமாக, கண்ணாடி போட்டு, பார்த்தாலே ஒதுங்கிப் போகத் தோன்றும் ரகம். வாசலிலேயே நாலு பேரை விரட்டிவிட்டார். வினாத்தாள் வந்தது. எல்லாம் தெரிந்த கேள்விகள்! சந்தோஷமாக மூடியைக் கழற்றி உ போட்டேன். விழவில்லை. அழுத்திப் போட்டேன். தாளில் வெறும் பள்ளம்தான் விழுந்தது. உதறினேன், நாக்கில்கூடத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வேறு வழியில்லாமல் கைவசம் இருந்த ரீஃபில் பேனாவில் ஆரம்பித்தேன். முதல் பெரிய கேள்வி முடிவதற்குள் கட்டைவிரல் தன் வேலையைக் காட்டிவிட்டது. கையை மடியில் போட்டுப் பிசைந்துகொண்டு, பச்சைப் பேனாவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மாமனார் சொன்னது காதில் கேட்டது. நெலம் இருக்குது, பாத்துக்கலாம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்தில் நிழல் விழுந்தது. அந்த டீச்சர்!

“ஏம்மா, பேப்பரப் பாக்காம பேனாவையே பாத்துட்டிருக்கீங்க?”

“எழுத மாட்டேங்குது மேடம். எனக்கு இதுலதான் எழுத வரும். கை வலி” என்றேன். பச்சைப் பேனாவை நீட்டினேன்.

பேனாவை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு மூடியை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். பொலபொலவென்று திருநீறு கொட்டியது. நிப்பின் பிளவு முழுக்க அதுதான் இங்க்கோடு சேர்ந்து சாந்து பூசியது போல் அப்பியிருந்தது. எனக்கு மாமியாரின் முகம் கண் முன்னால் வந்தது.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போய்த் தன் மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துவந்து, அதில் நிப்பை முக்கி முக்கி அலசினார். துடைக்கத் துணி தேடாமல், வெளிர் மஞ்சள் புடவையின் முந்தானையிலேயே துடைத்தார். நீலக் கறை பெரிதாகப் பரவியது. எனக்குப் பகீரென்றது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தன் பின்னலிலிருந்து நீளமாக ஒரு முடியைப் பிடுங்கி, நிப்பின் பிளவுக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்தார். மறுபடி தண்ணீரில் முக்கி, ஒரு உதறு உதறி, என் விடைத்தாளின் ஓரத்தில் வைத்துப் பார்க்காமல் தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தார். நீலமாக, நிற்காமல் வந்தது.

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. பேனாவைக் கொடுத்துவிட்டு, உள்ளங்கை ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த திருநீற்றை என் நெற்றியில் இட்டார். “இது நெத்தியில இருக்கணும், நிப்புல இல்ல. எழுதுங்க, டயம் இருக்குது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே பின் பெஞ்சில் யாரையோ பார்த்து “திரும்பாத!” என்று கத்தினார்.

எழுதினேன். அப்படி ஒரு எழுத்து அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. மணி அடிப்பதற்கு முன்பே முடித்து, ஒரு தடவை படித்தும் பார்த்துவிட்டேன். பேப்பரைக் கொடுக்கும்போது அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். “போங்க, போங்க, அடுத்த ஆள்” என்று துரத்திவிட்டார்.

வெளியே வரும்போது, மாமியாரை இன்றைக்கு ஒரு பிடி பிடிப்பது என்றுதான் வந்தேன். கேட்டுக்கு வெளியே உச்சி வெயிலில், குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு, தன் தலை காய நின்றிருந்தார் அவர். காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறார்.

“பேனா எழுதுச்சாம்மா?”

“எழுதுச்சு அத்தை. நிக்கவேயில்ல.”

“நான் சொல்லல? மூடிக்குள்ள கொஞ்சம் துன்னூறு போட்டு வச்சேன், கூடவே இருக்கட்டும்னு. மூடின பேனாவ வச்சா சாமி எப்படிப் பாக்கும், அதான் தொறந்து வச்சேன்.” முகமெல்லாம் பெருமை. என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பாஸாகிவிட்டேன். வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு வீட்டில் யாருக்குப் பரீட்சை வந்தாலும், மாமியார் கையில் கோயிலுக்கு ஒரு ரீஃபில் பேனாவைக் கொடுத்தனுப்பிவிடுவேன். கடைசி வரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை.

பல வருடமாக நானும் பரீட்சை ஹாலில் கண்காணிப்புக்குப் போகிறேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். ஆனாலும் யாராவது எழுதாமல் பேனாவையே வெறித்துக்கொண்டிருந்தால், என் கை தானாகப் பின்னலுக்குப் போகிறது. கறை பட்டாலும் பரவாயில்லை என்று அன்று முந்தானையை நீட்டிய அந்தப் பெயர் தெரியாத டீச்சருக்கு, நான் சொல்லாமல் விட்ட நன்றியை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.