பெரிய மாவுப்பூச்சி

கீழப்பாவூர் வடிவம்மாளுக்குப் பூச்சி என்றாலே ஆகாது. சோற்றில் ஒரு வண்டு கிடந்தால் அன்றைக்குப் பட்டினிதான். அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாகத் தினமும் காலையில் பூச்சி நசுக்கினாள் என்றால், அது வாசல் செம்பருத்திக்காக.

மகன் புவனேஷுக்குப் போலீஸ் வேலை கிடைத்தால், சொந்தச் செடியில் பூத்த பூவில் மாதம் ஒன்றாகப் பதினோரு சுவாதி நட்சத்திரத்துக்கு நரசிம்மருக்கு மாலை கட்டித் தருவதாக நேர்ந்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. ஒன்பது மாலையும் ஆயிற்று. அதற்குள் செடியில் மாவுப்பூச்சி அடைந்துவிட்டது.

பார்க்கவே கண்றாவி. கொழுந்தெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. இலை சுருண்டது, மொட்டு கோணிக்கொண்டு விரியாமலே உதிர்ந்தது. அதன் கழிவு வழிந்த இடமெல்லாம் பிசுபிசுத்து, மேலே கரி பிடித்து எறும்பு மொய்த்தது. சாமிக்குப் போகிற பூவில் மருந்தடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கையாலேயே நசுக்கினாள்.

மற்றவை அசையாமல் கிடக்க, சில மட்டும் பெரிதாக, நீள நீளமான வெள்ளை இழைகளோடு ஓடின. அந்த ஓட்டத்தைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். இவைதான் தாய்ப்பூச்சி, இவற்றை ஒழித்தால் வம்சமே அற்றுப்போகும் என்று தேடித் தேடிக் கொன்று தேங்காய்ச் சிரட்டையில் போட்டாள். செடியோ வெளுத்துக்கொண்டே போனது.

சுவாதிக்கு எட்டு நாள் இருக்கும்போது எதிர்வீட்டு ஜெஸியை அழைத்துக் காட்டினாள். ஆலங்குளத்தில் வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஜெஸி சிரட்டையைக் குச்சியால் கிளறினாள்.

"இது மாவுப்பூச்சி இல்ல சித்தி. அதத் திங்குத வண்டோட புழு. பாக்க அது மாதிரியே வெள்ளையா இருக்கும். எத்தன நாளா கொல்லுதீய?"

வடிவம்மாளுக்கு இவ்வளவு நாளும் பூச்சியைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது தன் விரலைப் பார்த்து வந்தது.

அந்தப் புழு ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தாலும் மாவுப்பூச்சியைத் தின்னும், அடுத்த மாலை தவறினாலும் செடி பிழைத்துக்கொள்ளும் என்று ஜெஸி சொன்னாள். இருவரும் தேடினார்கள். உதிர்ந்து கிடந்த ஓர் இலையில் ஒரே ஒரு புழு ஓடிக்கொண்டிருந்தது.

ஜெஸி குச்சியை நீட்டுமுன் வடிவம்மாள் கட்டைவிரலை நீட்டினாள். புழு ஏறி ஊர்ந்தது. உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. ஆனால் அதைக் கொழுந்தில் இறக்கிவிடும்வரை கையை உதறவில்லை.