மணலில் புதைந்த லொறியும் நான் பேசாத பேச்சும்

வாசகப் பெருமக்களே! வாரந்தோறும் இந்தப் பத்தியில் உங்களை நடுவராக இருத்தி வழக்குரைப்பது என் வழக்கம். இன்று அந்த ஆசனத்திலிருந்து சற்று இறங்கி வாருங்கள். இன்று நீங்கள் சாட்சி.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகளுக்கு நடுவே, உச்சி வெய்யிலில், ஒரு பழைய லொறியின் பின்சில்லுகள் அச்சு வரை புதைந்து நின்றன. லொறியின் பின்தட்டில், பாய்மேல், பிரசவ வேதனையில் ஒரு பெண். அவள் கையைப் பற்றியபடி மருத்துவிச்சி அம்மா. கீழே நாங்கள் நால்வர். நால்வரும் எங்கள் வாசிகசாலை வாதக் கழகத்தின் பேச்சாளர்கள். எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கிய நாவுகள் நான்கு... அங்கே ஒன்றிலும் ஈரமில்லை.

எப்படி வந்து சேர்ந்தோம் அந்த இடத்துக்கு?

லொறி என் நண்பன் ஜெயத்தின் தகப்பனாருடையது. உலக யுத்தம் முடிந்தபின் வெள்ளைக்கார இராணுவம் ஏலத்தில் விட்ட வண்டி. நான்கு சில்லுகளும் இழுக்கும். ஆகையால் மணல் அதற்குத் தார்வீதி மாதிரி. கிழக்குக் கரையிலிருந்து அச்சுவேலிச் சந்தைக்கு மீன் ஏற்றி வந்தது அதுதான். காய்ச்சல்காரரை, பாம்பு கடித்தவரை, பிள்ளைப்பேற்றுக்காரரை ஏற்றிச் சென்றதும் அதுதான். தகப்பனார் கண்மூடிய பின் அது அச்சுவேலி வளவில் பூவரசு மரத்தின் கீழ் நின்றது... நின்றது... நின்றுகொண்டே இருந்தது. கோழிகள் அதன் எஞ்சினுக்குள் முட்டையிட்டன.

ஜெயத்தின் தமக்கை புஷ்பம் அக்கா அந்தக் கரையிலேயே வாழ்க்கைப்பட்டவர். முதற்பிள்ளை பிறக்கும் வேளையில் அவரை மாட்டுவண்டிலில்தான் ஏற்றினார்கள். மணல் வண்டிலை விடவில்லை. பிள்ளை வழியிலேயே பிறந்தது, வழியிலேயே போய்விட்டது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் என்று தெரிந்த அன்று தம்பியிடம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"வண்டிலிலை நான் இனி ஏறன். அப்பான்ரை லொறி வந்தால் வாறன். வராட்டி இஞ்சையே கிடக்கிறன்."

மறுநாள் வாசிகசாலையில் ஜெயம் எங்களிடம் உதவி கேட்டான். நான் கேட்டேன்: நண்பர்களிடம் கேட்க எழுந்து நிற்பானேன்? அவன் சொன்னான்: "கழகத்திட்டைக் கேக்கிறன். தீர்மானமாய்ப் போடுங்கோடா."

போட்டோம்! அன்றிலிருந்து எல்லாவற்றையும் தீர்மானமாகவே போட்டோம். எஞ்சினை இறக்குவதா, இருந்தபடியே திருத்துவதா? ஒருவர் ஆதரித்துப் பேசுவார், ஒருவர் மறுத்துப் பேசுவார், கரண்டியால் தேநீர்க் குவளையில் தட்டினால் நேரம் முடிந்தது என்று பொருள். பிறகு வாக்கெடுப்பு. அதற்குப் பிறகே ஸ்பானரில் கை வைப்பது. உலகத்தில் வேறெங்காவது ஒரு ரேடியேற்றருக்கு ஈயம் பற்றவைப்பதற்குப் பிரேரணையும் ஆமோதிப்பும் நடந்திருக்குமா? தெரியவில்லை. ஜெயத்தின் தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"பெற்றோல் தட்டுப்பாடாம் எண்டு ஊரெல்லாம் அழுகுது. நீங்கள் அதுக்கொண்டும் யோசியாதேங்கோ தம்பியவை. உது உங்கடை கதையிலையே ஓடும்."

ஆயினும் வேலை நடந்தது. உடுவில் டானியல் – பாதிரியாரின் மகன், பாவ மன்னிப்பு வேண்டுகிற குரலிலேயே பகிடி விடுகிறவன் – கார்புரேற்றரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துவாரம் துவாரமாக ஊதினான். எங்களில் நான்காமவன் தவம்; அவன் மாமனாரிடம் லேத் பட்டறை உண்டு; இறக்குமதி அடைபட்டுக் கிடக்கிற இந்தக் காலத்தில், கடையில் கிடைக்காத ஒவ்வொன்றையும் தவம் அங்கே கடைந்தெடுத்தான். உக்கிப்போன பின்தட்டுக்கு நானும் ஜெயமும் பனம்பலகை அடித்தோம். எஞ்சின் முதன்முதலாக இருமிச் சீறி உயிர்பெற்ற மாலையில், ஜெயம் ஓடிப்போய்க் கிணற்றடியில் முகம் கழுவினான். எதற்காகக் கழுவினான் என்று நாங்கள் எவரும் கேட்கவில்லை.

எஞ்சியிருந்தது ஒரே ஒரு குறை. முன்சில்லுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் இரும்புத் தண்டின் மூட்டுத் தேய்ந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் பின்சில்லுகள் மட்டுமே இழுக்கும். தவம் கடைந்து தருவான். ஆனால் அதற்கேற்ற உருக்குத் தேட வேண்டும், நாட்கள் செல்லும். அக்காவுக்கோ நாள் நெருங்குகிறது. முன்தண்டு பூட்டாமலே போவதா, பொறுப்பதா?

அவையிலே அன்று நான் பொறுக்க வேண்டும் என்று பேசினேன். நண்பர்களே, தன்னைத் தானே புகழ்வது முறையன்று. இருந்தும் சொல்கிறேன், அது நான் பேசியவற்றுள் சிறந்த பேச்சு. மணலின் இயல்பைச் சொன்னேன். உருளுகிற சில்லு இழுவை இழந்தால் தோண்டுகிற சில்லாகும் என்றேன். "தார்வீதியில் ஓடுவதற்காகவா இந்த வண்டியைத் திருத்தினோம்?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தினேன்.

ஜெயம் எழுந்தான். அவனுடைய மறுப்புரை ஒரே மூச்சு.

"பிள்ளை நாள் பாத்து வராது. தண்டு வரட்டும் எண்டு நிண்டம் எண்டால், போன முறை மாதிரித்தான். வேறை என்ன கதை?"

மூன்றுக்கு ஒன்று. நான் தோற்றேன். டானியல் எழுந்து, "எதிரணித் தலைவர் வடிவாய்த்தான் கதைச்சவர். கை தட்டுங்கோ. வாக்கு மட்டும் கேளாதேங்கோ" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

ஞாயிறு விடிகாலையில் புறப்பட்டோம். பனியில் நனைந்த மணல் இறுகிக் கிடந்தது. லொறி வழுக்கிக்கொண்டு போனது. "பாத்தியே? பாத்தியே?" என்று ஜெயம் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் கேட்டான். நான் வெளியே பார்த்தேன்.

குடிசை வாசலில் அக்கா எழுந்து நின்றார். லொறியைக் கண்டதும் அதன் முன் மூக்கில் கையை வைத்தார். அத்தான் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். அக்காவுக்கோ அன்று காலையே நோ தொடங்கியிருந்தது – எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே. மருத்துவிச்சி அம்மா தடவிப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றார். அக்காவைத் தூக்கி ஏற்றி, பாய்க்குக் கீழே வைக்கோல் பரப்பி, ஆட்டம் குறைய மெல்ல மெல்ல ஓட்டி... அதற்குள் வெய்யில் ஏறிவிட்டது. காலையில் இறுகிக் கிடந்த மணல் காய்ந்து மாவாகிவிட்டது.

இரண்டு மேடுகளுக்கு நடுவே பின்சில்லுகள் சுழன்றன. சுழன்றன, இறங்கின. முன்சில்லுகள் இரண்டும் ஊமைகளாய்ப் பார்த்துக்கொண்டு நின்றன.

ஓலை போட்டோம். சாக்குப் போட்டோம். சில்லு எல்லாவற்றையும் விழுங்கிற்று. காற்றை இறக்குவோம் என்றான் தவம். இறக்கினால் திரும்ப ஏற்ற என்ன வழி என்றான் டானியல். பின்னுக்கு எடுத்துப் பார்ப்போம் என்றேன் நான். மூவரும் ஒரே நேரத்தில் காரணம் சொல்லத் தொடங்கினோம். அப்பொழுது பின்தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது, பற்களுக்கிடையில் வந்தது.

"டேய்... உங்கடை வாக்கெடுப்பு முடியுமட்டும்... உள்ளுக்கை இருக்கிறது காவல் நிக்காதடா!"

டானியல் பகிடி ஏதும் சொல்லவில்லை. சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரைப்பக்கம் ஓடினான்.

ஜெயம் சில்லடியில் முழந்தாளிட்டு வெறுங்கையால் மணலை அள்ளிக்கொண்டிருந்தான். அள்ள அள்ளச் சரிந்தது. நான் அருகே போனேன். அவன் நிமிர்ந்தான். முகமெல்லாம் மணல்.

"சொல்லன்ரா. நீ சொன்னதுதான் சரி. சொல்லித் துலை!"

வாசகரே, சாட்சியாக உங்களை அழைத்தது இந்த இடத்துக்காகத்தான்.

சொல்வதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. சொற்கள் வரிசையாக வந்து நின்றன. தோற்ற நாளிலிருந்து நான் தனியே நடக்கும்பொழுதெல்லாம் ஒத்திகை பார்த்த பதிலுரை அது. வாதத்தில் நான் வென்றுவிட்டேன். தீர்ப்பை மணலே எழுதிவிட்டது. மேலே ஒரு தாய் முனகுகிறாள். இந்த வெற்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சரியாகச் சொன்னவன் என்ற பெயர் ஒரு சில்லை அரை அங்குலம் அசைக்குமா?

மேலும், அவன் சொன்னதும் பொய்யா? பிள்ளை நாள் பார்த்து வரவில்லையே! தண்டுக்காகப் பொறுத்திருந்தால் இன்று லொறியே அச்சுவேலியில் அல்லவா நின்றிருக்கும்! நானும் சரி. அவனும் சரி. லொறி மணலுக்குள்.

நான் முழந்தாளிட்டு மற்றச் சில்லடியில் அள்ளத் தொடங்கினேன். "கெதியா அள்ளு" என்றேன். அவ்வளவுதான் நான் அன்று பேசியது.

டானியல் கரையை அடைந்தபொழுது அங்கே கரைவலை வந்துகொண்டிருந்தது. கடலில் வளைத்துவிட்ட பெருவலையை, அதன் இரு முனைக் கயிறுகளிலும் இரண்டு அணியாக நின்று கரைக்கு இழுப்பார்கள். காலையில் தொடங்கினால் மதியம்வரை இழுவை. வலை அன்று கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. மடியில் மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தது என்கிறான் டானியல். இடையில் ஒரு பக்கம் கயிற்றைத் தளர்த்தினால் வலை சுருண்டு மீன் முழுவதும் போய்விடும். அத்தனை குடும்பத்தின் அன்றைய உலையும் அந்தக் கயிற்றில்தான்.

டானியலுக்கு மூச்சு வாங்கியது. "புஷ்பம் அக்கா... லொறி புதைஞ்சு போச்சு... பிள்ளை குறுக்கை..." அதற்குமேல் வரவில்லை.

வலைச்சொந்தக்காரரான சம்மாட்டியார் கடலை ஒருமுறை பார்த்தாராம்.

"எந்த லொறி? மணியத்தாற்றை லொறியே?"

மணியத்தார் என்பது ஜெயத்தின் தகப்பனார்.

"ஓம்."

"என்ரை பெடியனைப் பாம்பு தீண்டேக்கை ஏத்திக்கொண்டு ஓடின வண்டி... டேய், வடக்குக் கயித்தை அறு! எல்லாரும் வாங்கோடா!"

மணல்மேட்டின் உச்சியில் அவர்கள் தோன்றியதை நான் எப்படி எழுதுவேன்? நனைந்த கயிறு தோள்களில், ஒருவர் பின் ஒருவராக, இறங்கி ஓடி வந்தார்கள். லொறியின் முன்கொளுக்கியில் கயிறு ஏறியது. வலை இழுக்கும் அதே குரல், அதே கால் ஊன்றல், அதே தாளம். "ஏலேலோ" என்று ஒருவர் எடுக்க, அத்தனை தொண்டைகளும் ஏந்தின. கயிறு விறைத்தது, லொறி முனகியது, மணல் விட்டுக்கொடுத்தது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. கிறவல் கல் போட்ட வீதி தொடும்வரை, மேட்டிலும் பள்ளத்திலும், ஒரு தாயையும் ஒரு பிள்ளையையும் கரைக்கு இழுத்தார்கள்.

ஜெயம் அதன்பின் ஓட்டிய வேகத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. பொலிசாரும் பத்திரிகை வாசிப்பவர்கள்தாம்.

பெண்பிள்ளை. வெட்டித்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்ற எங்களுக்கு அழுகைச் சத்தம் கேட்டது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அக்கா இன்னும் எழுந்து உட்காரவில்லை; குடிப்பது கஞ்சித் தண்ணீர். ஆனால் கண் விழித்திருக்கிறார். தேறிவிடுவார் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மாலை ஜெயமும் நானும் கரைக்குப் போனோம். நன்றி சொல்ல வேண்டும் அல்லவா? பஸ்ஸில் போகும்பொழுதே மனதுக்குள் நன்றியுரை கட்டிவிட்டேன். பழக்கம் விடுமா?

கரையில் அவர்கள் கிழிசல் தைத்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். கைவிடப்பட்ட வலையை நீரோட்டம் கல்லில் சுருட்டிக் கிழித்திருந்தது. ஞாயிறும் உழைப்பில்லை, திங்களும் இல்லை, அன்றும் இல்லை. எவரும் அதைச் சொல்லவில்லை. பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டார்கள். யாருடைய சாடை என்று கேட்டார்கள். "மணியத்தாற்றை மூக்கு எண்டால் பாவம், கட்டிக் குடுக்கிறது கஷ்டம்" என்று ஒருவர் சொல்ல, ஜெயம் இரண்டு நாளைக்குப் பின் முதன்முதலாகச் சிரித்தான்.

நான் தொண்டையைச் செருமினேன். "ஐயா, உங்கள் தியாகத்தை..." என்று எடுத்தேன்.

சம்மாட்டியார் ஊசியிலிருந்து கண் எடுக்கவில்லை.

"அதை விடு தம்பி. வாடைக்காத்துத் தொடங்கினால் நாங்கள் கரைவலை போடுறேல்லை. ஆக்கள் முக்காவாசிப் பேர் வேறை கரைக்குப் போயிடுவாங்கள். வடக்கை குடிசையிலை இன்னுமொரு பிள்ளை மாசமாய் இருக்கிறாள். அப்ப ஆர் இழுக்கிறது?"

நான் ஜெயத்தைப் பார்த்தேன். லொறி அவனுடையது, தகப்பன் விட்டுப்போனது அது ஒன்றுதான். அவன் கிழிந்த வலையைப் பார்த்தான். பிறகு என் தோளில் இடித்தான்.

"சொல்லன். நீயே சொல்லு. எனக்கு இப்ப கதைக்க வராது."

எழுந்து நின்றேன். கட்டி வந்த உரையில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. அந்தக் கரை முழுவதும் கேட்கும்படி சொன்னேன்:

"ஐயா, வாடை தொடங்கமுதல் முன்தண்டைப் பூட்டி லொறியைக் கொண்டந்து இஞ்சை, உங்கடை மீன்வாடியடியிலை விடுறம். ஆருக்கு நோ வந்தாலும் ஏத்திக்கொண்டு ஓட, மாரி முடியுமட்டும் லொறியோடை நானும் இஞ்சைதான் கிடப்பன்."