சக்கரத்தை ஊதிய அக்கா

மலேசியாவின் ஈப்போ நகரில் சனிக்கிழமை ரோபோ வகுப்புக்கு வந்தவர்களில் பெரியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஆசைக்குச் சேர்ந்தவன். அந்த அக்கா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து நேராக வருவார். வலைத்தொப்பியின் தடம் நெற்றியில் சிவந்திருக்கும். சுவிட்சைத் தட்டுமுன் தன் ரோபோவின் சக்கரங்களை ஒருமுறை வாயால் ஊதிவிடுவார். ஊதி என்ன பயன்? அவருடையது நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும், என்னுடையது சுவரில் போய் முட்டும். கம்பியை மாற்றினோம், ரோபோவின் மூளையான மைக்ரோகண்ட்ரோலரில் புரோகிராமைத் திருத்தி ஏற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் தண்ணீர் பாட்டில் ஒன்றை ரோபோவின் மேல் வைத்துக் கட்டினார். இப்போது சக்கரம் சுற்றவே இல்லை.

"எதுக்குக்கா பாட்டில்?"

"வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருக்காரு தம்பி. நான் வேலைக்குப் போயிட்டா தண்ணி குடிக்க மாட்டேங்கிறாரு."

"கட்டில் பக்கத்துலயே வச்சிட்டுப் போலாமேக்கா?"

"வச்சிட்டுத்தான் போறேன். தொட மாட்டாரு. யாராச்சும் கொண்டாந்து குடுத்தாத்தான் குடிப்பாரு லா."

அக்கா பாட்டிலை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

"தண்ணி வேணாம் தம்பி. சும்மா போயி அவரு பக்கத்துல நிக்குமா?"

"நிக்கும்க்கா" என்றேன். அதுவரை எங்கள் ரோபோ இரண்டுமே சொன்ன இடத்தில் நின்றது கிடையாது.

அவர் நம்பிக்கையோடு குனிந்து மறுபடியும் சக்கரங்களை ஊதினார்.