அடைச்ச சந்தும் அவுத்த குடையும்

என் நாத்தனாரைத் தெருவுல குடைக்காரின்னுதான் கூப்பிடுவாங்க. கம்பி ஒடஞ்சது, துணி கிழிஞ்சது, பிடி கழண்டது, எதைக் குடுத்தாலும் மறுநாளே சரிபண்ணிடுவா. புருஷன் வீட்டுல ஒத்துவரலைன்னு இருபத்தஞ்சு வயசுல திரும்பி வந்தவ. மாடி ரூம்தான் அவளுக்கு வீடு, கடை எல்லாம். வாய் மட்டும் எனக்குக் கொறஞ்சதில்ல. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிப்பாரு. அவர் போனப்புறம் வெலக்கிவிட ஆள் இல்ல, அவ்வளவுதான்.

மாடிக்கு மொதல்ல ஓடுதான். ஒழுகுதுன்னு நான் தகரம் போடச் சொன்னேன். போட்டவரு சுவருக்கும் தகரத்துக்கும் நடுவுல ஒரு சாண் சந்து விட்டாரு.

"ஓடுன்னா இடுக்குல மூச்சு விடும்மா. தகரம் விடாது. சூடு மேல ஏறி வெளிய போக இது ஒண்ணுதான் வழி, அடைச்சுடாதீங்க"ன்னாரு.

தலையை ஆட்டுனேன். அப்புறம் அந்தச் சந்துல புறா கூடு கட்டி, காயப்போட்ட என் புடவையில எச்சம் போட்டுச்சு. கொத்தனாரைக் கூப்பிட்டு செங்கல் வெச்சுப் பூசிட்டேன்.

கோடை வந்துச்சு. "அண்ணி, சுவத்துல கை வெச்சா சுடுது. சந்தைத் தொறந்து வலை அடிச்சு விடுங்களேன்"னு வந்து நின்னா.

"நீ என்ன வெண்ணெயா, உருகிப் போக?"ன்னேன்.

மறுபடி கேக்கல, ரோஷக்காரி. யாரும் திரும்ப வந்து வாங்காத பழைய குடைங்களை விரிச்சு, தகரத்துக்குக் கீழ ஒரு முழம் எடம் விட்டு வரிசையா கட்டித் தொங்கவிட்டா. கருப்பு, நீலம், பூப்போட்டதுன்னு முப்பது இருக்கும். போய் நின்னு பாத்தேன். நெசமாவே உச்சந்தலை எரியல. ஒத்துக்குவேனா நான்?

"என்னடி இது, வௌவால் குடித்தனமா?"

"கீழ ஒண்ணு கத்துதே, அதுக்கு இது எவ்வளவோ மேல் அண்ணி!"

அந்த நேரம் பாத்து, என் பையனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க வீடு பாக்க வரோம்னாங்க. எனக்கு மானம் போயிடும் போல இருந்துச்சு. "எல்லாத்தையும் அவுத்து வை, அவங்க போனதும் மாட்டிக்க"ன்னேன். அவுத்தா. வந்தவங்க மாடிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.

அவங்க போனதும் ஏணி கேட்டா. ஏணி பின்கட்டுல, சாவி என் இடுப்புல. "நாளைக்குப் பாக்கலாம்"னேன். எழுந்திரிக்கச் சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல. அந்த நாளைக்கு மூணு நாளாச்சு.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன், சத்தமே இல்ல. ரோஷத்துல இருக்கான்னு நெனச்சு நான் உக்காந்து சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வெச்சுட்டுத்தான் மாடி ஏறுனேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுது. தையல் பாதியில, ஊசி கையில, தரையில கெடந்தா. ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிச்சுது. ஒரு சொட்டு வேர்வை இல்ல.

உயிரைக் காப்பாத்திட்டாங்க. கைதான் நடுங்குது. "மறுபடி ஊசி பிடிப்பாளா?"ன்னு டாக்டரைக் கேட்டேன். "பாக்கலாம்"னாரு. ஏணிக்கு நான் சொன்ன அதே பாக்கலாம்.

சந்தை நானே சுத்தியல் எடுத்து இடிச்சேன். அவளைக் கீழ என் கட்டில்ல படுக்க வெச்சுட்டு நான் மாடிக்குப் போயிட்டேன். குடை மாட்டிக்க மட்டும் மனசு வரல.

அடுத்த கோடையும் வந்தாச்சு. இன்னும் அவளால நூல் கோக்க முடியல. நேத்து கேட்டா, "மேல சூடு எப்படி அண்ணி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

என் கழுத்துல இருந்த வேர்க்குருவையே பாத்தா. "வெண்ணெய் உருகிருச்சு போல"ன்னா. அவ சிரிக்கல, நானும் சிரிக்கல.

"ஏணியை எடுத்துட்டு வாங்க. குடை எப்படிக் கட்டணும்னு நான் சொல்றேன்."

போய் எடுத்துட்டு வந்தேன். ஒரு தட்டு கழுவற நேரம்கூட ஆகல.